பேனா தொடாத நாளில் ஓர் ஏஸ் ஜோடி

இரவுப் பணியில் இருப்பவனுக்கு ஞாயிறு, திங்கள் என்ற வித்தியாசம் நாளடைவில் போய்விடும். தூங்கிய நாள், தூங்காத நாள் என்று இரண்டுதான் மிஞ்சும். தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலியில் ஒரு நாளிதழின் பதிப்பு அலுவலகத்தில் துணை ஆசிரியராக இருந்தேன். ஆண்டுக்கணக்கில் இரவு மேசைதான். சாயங்காலம் போனால் விடியும்போது திரும்புவேன். பகலில் வீட்டு வாசலில் யார் வந்து என்னைக் கேட்டாலும் என் மகள், "அப்பா தூங்குதாங்க" என்பாள். அவள் தப்பில்லாமல் பேசிய முதல் வாக்கியமே அதுதான் என்று என் மனைவி சொல்வதுண்டு. வேடிக்கைக்காகச் சொன்னதாக எனக்குத் தோன்றியதில்லை.

இரவு மேசையில் நாங்கள் நான்கு பேர். ஏஜென்சி செய்திகளைத் தமிழாக்கும் கல்யாணமாகாத இளைஞர் ஒருவர். விளையாட்டுப் பக்கம் பார்ப்பவர் ஒருவர். நான். நான்காமவர் எங்கள் எல்லாரையும்விட மூத்தவர், புரூஃப் திருத்துபவராகச் சேர்ந்து துணை ஆசிரியரானவர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. வீடு சேரன்மகாதேவியில். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, வயல்களுக்கு நடுவே ஜன்னலில் தலை முட்டத் தூங்கிக்கொண்டே போய் இறங்குவார்.

அந்த ஆண்டு மேசைக்குப் புதிதாக ஒருவரை எடுத்திருந்தார்கள். அவர் நேராக இரவுக்கு வருகிறார். ஆகவே நால்வரில் ஒருவர் பகலுக்குப் போகலாம். யார் என்று சொல்லச் செய்தி ஆசிரியருக்கு மனமில்லை. "நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்க, விஜயதசமி அன்னைக்கு எங்கிட்ட ஒரு பேரைச் சொல்லுங்க" என்று ஒதுங்கிக்கொண்டார்.

சொல்வது சுலபம். நாங்கள் நால்வரும் உட்கார்ந்து பேசவே ஒரு நாள்தான் இருந்தது, சரஸ்வதி பூஜை. மறுநாள் பேப்பர் கிடையாது என்பதால் அன்றைக்கு வேலை இல்லை. காலையில் வந்து பூஜையில் நின்றோம். அச்சு இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம். கம்ப்யூட்டர்களுக்கும் வைத்தார்கள்; திரையில் வழிந்த சந்தனத்தைத் துடைக்க யாருக்கும் துணிவில்லை. ஆசிரியர் குழுவின் பேனாக்கள் எல்லாம் ஒரு தாம்பாளத்தில் சாமி படத்துக்கு முன்னால் கிடந்தன. வாசலில் பூசணிக்காய் உடைத்தாயிற்று. பொரியும் கடலையும் பொட்டலமாய்க் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு நால்வரும் காகிதக் கிடங்கில் போய் உட்கார்ந்தோம். நான்கு பேர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

அண்ணாச்சிக்கே விட்டுக்கொடுத்துவிடலாம் என்று இளைஞர்தான் முதலில் சொன்னார். காரணம் எல்லாருக்கும் தெரியும். அண்ணாச்சிக்குக் கல்யாண வயதில் ஒரு மகள். ஆனி மாதம் கடையத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் முற்பகலில் வந்தார்கள். அண்ணாச்சி உள்ளறையில் தூங்குகிறார். எழுப்பினார்கள். சிவந்த கண்ணும் கலைந்த தலையுமாக எழுந்து வந்து, பேச நா எழாமல், "வாங்க" என்று கும்பிட்டார். அவர்கள் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, தரகரிடம், "பொண்ணு லட்சணமா இருக்கு. தகப்பனாரு பகல்லயே தண்ணி போடுதாரு போல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அண்ணாச்சி வெற்றிலைகூடப் போடாதவர். அடுத்து வந்த வரனும் அதே பேச்சில் போயிற்று. தை பிறப்பதற்குள் பகலுக்கு வந்தாக வேண்டும் என்பது அவர் கணக்கு.

"எனக்கு யாரும் இரக்கப்பட வேண்டாம்" என்றார் அண்ணாச்சி. "பொறவு காலம்பூரா நாங்க குடுத்ததுலான்னு சொல்லிக்கிட்டே இருப்பீய."

"இரக்கப்பட்டா எல்லாருக்கும்லா படணும்" என்றார் விளையாட்டுப் பக்கக்காரர். "ராத்திரி பூரா உக்காந்து எனக்கு மூலம் வந்துட்டு. அதுக்கு யாரு இரக்கப்பட்டா?"

எனக்குச் சொல்ல வியாதியும் இல்லை, வரனும் இல்லை. வீட்டில் விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதை ஒரு காரணமாகச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றால் பேர் எழுத வேண்டும். சரஸ்வதி பூஜையன்று பேனாவைத் தொடக்கூடாது. அதில் எங்கள் நால்வரில் யாருக்கும் இரண்டாம் கருத்து இல்லை; எழுதிப் பிழைப்பவர்கள் அந்த ஒரு நாளில் மட்டும் மிகக் கண்டிப்பானவர்கள். ரம்மி ஆடலாமென்றால் அதற்கும் புள்ளி எழுத வேண்டும். அப்போதுதான் அங்கே காகித உருளைகளைப் பார்வையிட வந்த மெஷின் ஃபோர்மேன், "போக்கர் ஆடுங்கவே. அதுல எழுத ஒண்ணும் இல்ல. இருக்கவன் இருப்பான், இல்லாதவன் எந்திரிப்பான்" என்றார்.

அவர் சிங்கப்பூரில் ஓர் அச்சகத்தில் இருந்துவிட்டு வந்தவர். கரண்ட் போய் மெஷின் நிற்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆளுக்கு ஐந்து சீட்டு. வேண்டாததை ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் பந்தயம் கட்டலாம். கட்டாமல் இருப்பதை நாங்கள் 'சும்மா' என்போம். ஒருவர் கட்டினால் மற்றவர் அதற்குச் சமமாக வைத்து 'பார்க்க' வேண்டும், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட வேண்டும். ஜோடியைவிட இரண்டு ஜோடி பெரிது, அதைவிட ஒரே மாதிரி மூன்று பெரிது. தனி ஜோடிகளில் ஏஸ் ஜோடிக்கு மேல் இல்லை.

காகித உருளை ஒன்றை நிமிர்த்தி மேசையாக்கினோம். பந்தயத்துக்குக் கிடங்கு மூலையிலேயே பொருள் இருந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகு யாரும் தொடாத ஈய எழுத்துகள், அறை அறையாகப் பிரித்த மரத்தட்டுகளில் கிடந்தன. ஆளுக்கு ஒரு குத்து, எண்ணிச் சமமாக எடுத்துக்கொண்டோம். எழுத்தெல்லாம் தீர்ந்தவன் எழுந்துவிட வேண்டும். கடைசியில் உட்கார்ந்திருப்பவன் பகலுக்குப் போவான். ஃபோர்மேன் சீட்டுப் போட ஒப்புக்கொண்டார்.

அண்ணாச்சி தன் எழுத்துகளை எங்களைப் போலக் குவிக்காமல் வரிசையாக நிறுத்தினார். இளைஞர் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, இன்னைக்குப் படிக்கப்படாது" என்றார்.

"படிக்கலைலே, அடுக்குதேன். நீ உன் சீட்டைப் படிக்காம ஆடு பாப்போம்."

ஆடத் தொடங்கியதும் எனக்கு ராஜா ஜோடி வந்தது. நல்ல ஜோடி. கை நிறைய எடுத்து வைத்தேன். மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கவிழ்த்துவிட்டார்கள். ஆட்டத்துக்கு முன் ஆளுக்கொன்றாக நடுவில் வைத்த எழுத்துகள் மட்டும் எனக்குக் கிடைத்தன. ஃபோர்மேன் சீட்டை வாரிக்கொண்டே, "ஆடு தோட்டத்துக்குள்ள வரதுக்கு முந்தியே கல்லெடுத்து எறிஞ்சீருன்னா, அப்புறம் எந்த ஆட்டைப் பிடிப்பீரு?" என்று கேட்டார்.

சற்று நேரத்தில் ஏஸ் ஜோடி வந்தது. அவர் சொன்னது மனதில் இருந்ததால், 'சும்மா' என்றேன். எல்லாரும் சும்மா என்றார்கள். எல்லாரும் செலவில்லாமல் சீட்டு மாற்றிக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் கூடவில்லை. இப்போது கட்டினேன். விளையாட்டுப் பக்கக்காரர் அதற்கு மேல் கட்டினார். பார்த்தேன். அவரிடம் மூன்று ஏழு. முதலில் இரண்டு ஏழோடு இருந்தவர், நான் வழிவிட்டதால் மூன்றாவதைச் சும்மா வாங்கியிருக்கிறார். என் குவியலில் பாதி போயிற்று.

"ஆடு உள்ள வரட்டும்னுதான சொன்னீரு" என்றேன் ஃபோர்மேனிடம்.

"கதவைத் தொறந்து வச்சிட்டு நீரு தூங்கப் போனா நானா பொறுப்பு?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, சீட்டைக் கலைப்பதை நிறுத்திவிட்டுப் பைய சொன்னார்: "கையில என்ன இருக்குன்னு மட்டும் பாக்கப்படாதுவே. எதுத்தாப்புல எவன் இருக்கான்னு பாக்கணும். ஓடுதவன்கிட்ட சும்மா இருக்கணும். ஓடாதவன்கிட்ட கட்டணும். கூட்டமா இருந்தா, கட்டிக் கூட்டத்தைக் குறைக்கணும்."

ஒரு வலுவான ஜோடியை எப்போது கட்டுவது, எப்போது சும்மா வைத்திருப்பது என்பது பற்றி எனக்கு இன்றுவரை இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. சொன்ன ஃபோர்மேனும் ஆட்டத்தில் இல்லை.

இளைஞர் முதலில் எழுந்தார். கவிழ்க்க வேண்டிய சீட்டையெல்லாம் கவிழ்க்க மனமில்லாமல் வைத்திருந்து என்னிடம் தோற்றார். தோற்றவர் காகிதக் கட்டின் மேல் சாய்ந்து உடனே தூங்கிவிட்டார். அடுத்தது விளையாட்டுப் பக்கக்காரர். ஒன்றுமில்லாத சீட்டை வைத்துக்கொண்டு அண்ணாச்சியை மிரட்டிப் பார்த்தார். கையிலிருந்த மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். அண்ணாச்சி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், எழுத்துகளை வரிசை கலையாமல் நகர்த்தி வைத்தார். அவரிடம் ஓர் ஒன்பது ஜோடி. அது போதுமானதாக இருந்தது.

"ஒன்பது ஜோடியை வச்சிக்கிட்டு எப்பிடிப் பாத்தீய?" என்று கேட்டார் விளையாட்டுப் பக்கக்காரர்.

"புரூஃப்ல பொருள் தெரியாத வார்த்தைய அப்பிடியே விட முடியுமாவே? மூலத்தைப் பாத்துரணும்லா."

அவருடைய ஆட்டம் அத்தனையும் அந்தப் பதிலில் இருந்தது. ஜோடி இருந்தால் கடைசிவரை வந்து பார்ப்பார். இல்லையென்றால் கவிழ்த்துவிடுவார். தானாகக் கட்டுவது அபூர்வம். கட்டினால் கையில் மூன்று இருக்கும் என்று அர்த்தம். எத்தனையோ இரவுகள் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள், எனக்கு இதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. இப்படிப்பட்டவரிடம் ஆடும் வழி சுலபம். பெரிய ஜோடி வந்தால் கட்ட வேண்டும், அவர் சின்ன ஜோடியோடு வந்து பார்ப்பார். அவர் கட்டினால் ஒதுங்க வேண்டும். மிரட்டவே கூடாது. அப்படியே ஆடினேன். பிற்பகல் முழுவதும் எழுத்துகள் அவர் வரிசையிலிருந்து என் குவியலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தன. விரல் நுனிகள் ஈயக் கறுப்பேறின. மேலே ஒரு மின்விசிறி, காகிதத் தூசியைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஜெயிக்கிறேன் என்ற எண்ணம்கூட எனக்கு உற்சாகம் தரவில்லை. சீக்கிரம் முடிந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம் என்றே இருந்தது. வீட்டில் விழித்திருப்பதற்காகத்தான் ஆடிக்கொண்டிருந்தேன் என்பது அப்போது நினைவில் இல்லை.

என்னிடம் அவரைவிட அதிகமாக இருந்தபோது அந்த ஏஸ் ஜோடி வந்தது. ஆர்டினும் இஸ்பேடும். அளவாகக் கட்டினேன். பார்த்தார். மூன்று சீட்டு மாற்றினார். ஆக, அவரிடம் ஒரு ஜோடி. ஏஸ் இரண்டு என்னிடம் இருக்கும்போது, அநேகமாகச் சின்ன ஜோடி. நானும் மூன்று மாற்றினேன், எதுவும் சேரவில்லை. முதலில் பேச வேண்டியவன் நான்.

அவருடைய ஜோடிக்கு மாற்றிய சீட்டில் ஏதாவது கூடியிருக்க வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கூடவில்லையென்றால், நான் எவ்வளவு கட்டினாலும் அவர் பார்ப்பார். மொத்தத்தையும் கட்டினால் மொத்தமும் வைத்துப் பார்ப்பார், ஆட்டம் முடிந்துவிடும். கட்ட வேண்டிய இடம் அதுதான். கை எழுத்துகளின் மேல் இருந்தது.

அந்த நேரத்தில் அண்ணாச்சி, புதிய சீட்டுகளைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

அந்தச் சைகை எனக்குத் தெரியும். மேசையில், மற்ற மூன்று பேர் படித்தும் தப்பிய ஒரு பிழையைப் பிடித்துவிட்டால் அப்படித்தான் செய்வார். எதுவும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, பிறகுதான் பேனாவை எடுப்பார். அவசரமில்லாத, நிச்சயம் வந்துவிட்ட ஒருவரின் சைகை. மூன்று கூடிவிட்டது என்று முடிவு செய்தேன்.

"சும்மா" என்றேன். அவர் கட்டுவார், கவிழ்த்துவிடலாம் என்று காத்திருந்தேன்.

"சும்மா" என்றார் அவரும்.

சீட்டைத் திருப்பினோம். அவரிடம் ராணி ஜோடி, கூட ஒன்றும் இல்லை. நடுவில் இருந்த சொற்ப எழுத்துகளை வாரிக்கொண்டேன்.

"ஏஸா வச்சிருக்கீரு?" என்றார் அண்ணாச்சி. "கட்டியிருந்தா நான் பாத்திருப்பேனே."

"தெரியும், அண்ணாச்சி."

ஃபோர்மேன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்வே கட்டல?"

"கண்ணாடியைத் துடைச்சாங்க."

அவர் சிரித்தார், அன்றைக்கு அந்தக் கிடங்கில் கேட்ட ஒரே சிரிப்பு. "காலையில இருந்து நாலு பேரும் கண்ணைத் துடைச்சிக்கிட்டுத்தானவே இருக்கீய. நீரு எத்தனை தடவை துடைச்சீருன்னு தெரியுமா?"

"வீட்டுப் பூஜையை முடிச்சிட்டு வந்தேன், கண்ணு அசரல" என்றார் அண்ணாச்சி, சமாதானம் சொல்வதுபோல. "சீட்டு ரெண்டு ரெண்டாத் தெரியுது."

எதையும் கூர்ந்து பார்க்கிறவன் என்று எனக்கு என்னைப் பற்றி ஓர் எண்ணம் இருந்தது. தொழிலும் அப்படி. அசதியை நிச்சயம் என்று எடுத்துக்கொண்டேன். எங்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத பிழை அது. அந்தச் சைகையை அறியாத ஒருவன் கட்டியிருப்பான், ஜெயித்திருப்பான்.

அதற்குப் பிறகு ஆட்டம் நெடுநேரம் போகவில்லை. எனக்கு இரண்டு ஜோடி வந்தபோது அண்ணாச்சி தானாகக் கட்டினார். கவிழ்க்க வேண்டும் என்று தெரியும். ஒரு தடவை ஏமாந்தவனுக்கு மறுதடவை எதையும் நம்ப முடிவதில்லை. பார்த்தேன். மூன்று ஜாக்கி. என் குவியல் அவர் பக்கம் போனது. அவர் அதையும் வரிசையாக அடுக்கத் தொடங்கினார். வெயில் தாழ்வதற்குள் என்னிடம் இருந்த கடைசி எழுத்தும் போயிற்று.

எழுந்தேன். அண்ணாச்சி எழுத்துகளை அதனதன் அறையில் பிரித்துப் போட ஆரம்பித்தார். நானும் உதவினேன். எந்த எழுத்து எந்த அறை என்பது பார்க்காமலே அவர் கைக்குத் தெரிந்தது; நான் இரண்டொன்றைத் தப்பாகப் போட்டபோது எடுத்து மாற்றினார். "சேரன்மாதேவி பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார், எல்லாவற்றையும் முடித்த பிறகு.

மறுநாள் அவர் பேரைச் சொன்னோம். ஐப்பசியிலிருந்து அவர் பகல். நாங்கள் வாசலில்தான் சந்தித்துக்கொண்டோம், அவர் வெளியேறும்போதும் நான் நுழையும்போதும். முதல் சில வாரங்கள் ராத்திரியில் தூக்கம் வரவில்லை என்றார். பிறகு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார். கண் வெளுத்தது. கார்த்திகையில் முக்கூடலிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். தை மாதம் முகூர்த்தம் என்று பத்திரிகை கொண்டுவந்து, தாம்பாளத்தில் வைத்து, வீட்டுக்கு வந்தே அழைத்தார். அப்போதும் என் மகள் வாசலில் நின்று, "அப்பா தூங்குதாங்க" என்றாள். "எழுப்பாதட்டி, தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

முக்கூடலில் மாப்பிள்ளை வீட்டில் கல்யாணம். காலை முகூர்த்தம். பக்கத்தை முடித்துவிட்டு, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். பந்தலில் நுழைந்து முன்வரிசையில் உட்கார்ந்ததும், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், நெற்றி நிறையத் திருநீறு, என் முகத்தை ஒரு முறை பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, "அங்கன காத்து வரும், பின்னால உக்காருதீயளா?" என்றார். பின்வரிசைக்குப் போனேன். அங்கே காற்று வரவில்லை.

மேடைப் பக்கத்திலிருந்து அண்ணாச்சி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் அவரிடம் போய் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எனக்காக ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், அந்த வார்த்தையிலிருந்து அவருடைய பழைய கண்வரைக்கும் பேச்சு நீளக்கூடும். தாலி இன்னும் தாம்பாளத்தில்தான், கை கையாக வலம் வந்துகொண்டிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. லேசாகத் தலையை ஆட்டிவிட்டு மேடைக்குத் திரும்பிவிட்டார்.

கெட்டி மேளம் முழங்கி அட்சதை விழுந்து முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"முடியட்டும்னு இருந்தேன்வே" என்றார். "தப்பா நினைச்சிக்கிடாதீரு."

"நீங்க சும்மா இருந்ததுதான் சரி, அண்ணாச்சி."

பந்தியில் அவரே நின்று எனக்கு அப்பளம் வைக்கச் சொன்னார். நான் பாயசத்துக்கு வருவதற்குள் அந்தப் பெரியவர் இலைக்கு எதிரே வந்து நின்றார். முகம் மலர்ந்திருந்தது.

"நைட்டு டூட்டியாம்லா உங்களுக்கு? சம்மந்தி இப்பத்தான் சொன்னாரு. நான் வேற மாதிரி நெனைச்சிட்டேன்."

"பரவால்ல."

"பாவம், கண்ணெல்லாம் எப்பிடிச் சிவந்து கெடக்கு" என்று அனுதாபமாகக் குனிந்தார். குனிந்தவர் உடனே நிமிரவில்லை. என் வாயருகே முகத்தைக் கொண்டுவந்து, ஒரு மூச்சு இழுத்து, தீரப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த இலைக்கு நகர்ந்தார்.